குவளையில் கட்டிய சிவப்பு நூல்

ஏப்ரல் 9, செவ்வாய்

நர்ஸ் நோர்கா மஞ்சள் அட்டைப் புத்தகம் ஒன்று கொடுத்தாள். வாந்தி, தலைச்சுற்றல், கால் மரத்தல், கண் மங்கல் — தினமும் உடம்பில் எது பட்டதோ அதற்கு நேரே கோடு போட வேண்டுமாம். அது அவர்களுக்கு. இது என் மகளின் பெண், பேத்தி நய்ரா பாதி எழுதிப் போட்ட நோட்டு. இது எனக்கு.

மருந்துக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை, வெறும் எண்தான். மனித உடம்பு தாங்குமா என்று பார்க்கிறார்கள். பழைய மாத்திரைக்கு அடங்காத காசநோய்க்காரர்கள் பன்னிரண்டு பேர் முதல் குழு. அதில் நானும் ஒருத்தி. ஆளுக்கு இரண்டு மாத்திரை.

"ஒத்துக்கலைன்னா நிறுத்திடுவோம் மமிதா, பயப்படாதீங்க" என்றாள். வயதான பெண்களை எல்லாம் அவள் மமிதா, அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"நிறுத்தினா?"

"பழையபடி ஊசிதான். தினமும். எட்டு மாசம்."

அந்த ஊசியை எனக்குத் தெரியும். என் மகன் அபெலார்தோவின் நெஞ்சைச் சுத்தம் செய்தது. காதையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. குணமாகிவிட்டது என்று சீட்டு வாங்கி வந்த பதினோராம் நாள், பின்னால் வந்த பேருந்தின் சத்தம் கேட்காமல் போய்ச் சேர்ந்தான்.

கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 23

கண் சோதனை. ஒரு புத்தகம் நிறையப் புள்ளிகள். பச்சைப் புள்ளிக் கூட்டத்துக்குள் சிவப்புப் புள்ளிகளால் எண் ஒளிந்திருக்கும். பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது, ஐந்து, மூன்று, எழுபத்துநான்கு. கடகடவென்று சொன்னேன்.

"எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்கிறீங்க, எண்ணு மட்டும் குதிரை மாதிரி ஓடுது?" என்றாள் நோர்கா.

இரண்டாம் வகுப்போடு மலைமேல் ஆடு மேய்க்கப் போனவள் நான். நூற்றிருபது ஆட்டையும் முகம் பார்த்துச் சொல்வேன். ஒருமுறை பார்த்தது எனக்குப் போகாது. நல்லதும் போகாது, கெட்டதும் போகாது.

கெட்டது அடுப்படிச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. ஒன்பது வருடம் முன்னால் பொதுச் சமையல்கூடத்தில், நாற்பது பெண்கள் பார்க்க, என் குவளைப் பிடியில் எர்மெலிந்தா சிவப்பு நூல் கட்டினாள். "செனோபியா மகன் இருமுறான். இந்தக் குவளையை வேற யாரும் தொட்டுராதீங்க." நாங்கள் கொமாத்ரேக்கள். அவள் மகளுக்கு ஞானஸ்நானத்தில் நான்தான் ஞானத்தாயாக நின்றேன். அன்றோடு பேச்சு இல்லை. நூலை அவிழ்க்கவும் இல்லை. தினமும் காலையில் பார்த்துக்கொள்வேன்.

மே 14

சளியில் கிருமி இல்லை! டாக்டரே வந்து சொன்னார். எட்டு மாதத்துக்குப் பிறகு நய்ரா மடியில் உட்கார்ந்தாள். கனத்துவிட்டாள்.

ஜூன் 4

குளிர்காலம் வந்துவிட்டது. லிமாவின் வானம் கழுதை வயிறு மாதிரி. எல்லாமே மங்கல்தான். குவளை நூல்கூட இன்று பழுப்பாகத் தெரிந்தது. ஈரம் பட்டிருக்கும்.

ஜூன் 6

ஈரம் இல்லை. நய்ராவிடம் "இந்தப் பழுப்பு ஸ்வெட்டரைக் கழற்று, துவைக்கணும்" என்றேன். "சிவப்பு பாட்டி" என்று சிரித்தாள். இரண்டு தடவை சொன்னாள்.

ஜூன் 11

புள்ளிப் புத்தகம். ஒன்றும் தெரியவில்லை. முதல் பக்கத்தின் பன்னிரண்டு மட்டும் தெரிந்தது. மற்றதெல்லாம் கொட்டிவிட்ட அவரைக்கொட்டை.

வாய் தானாகத் திறந்தது. எட்டு, இருபத்தொன்பது, ஐந்து, மூன்று, எழுபத்துநான்கு. நோர்கா பக்கத்தைப் புரட்டும் வேகத்துக்கே சொன்னேன். அவள் எப்போதும் முதலிலிருந்துதான் புரட்டுவாள். தூரத்திலிருந்து படிக்கச் சொல்லும் சுவர் அட்டை எழுத்துகளும் அப்படியே மனப்பாடம்.

மஞ்சள் புத்தகத்தில் கோடு போடவில்லை. போட்டால் மருந்து போகும். ஊசி வரும். அபெலார்தோவின் முகம் — நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாத அந்த முதுகு. கண் கொஞ்சம் மங்கினால் என்ன, நான் என்ன படமா வரையப் போகிறேன்? யாருக்கு நஷ்டம்?

ஜூன் 25

நோர்கா எல்லோருக்கும் ஆப்பிள் போட்ட கினுவா கஞ்சி ஊற்றினாள். சந்தோஷமாம். "பன்னிரண்டு பேர்ல ஒருத்தருக்குக்கூடக் கண்ணுல குறை இல்ல. அதனால அடுத்த குழுவுக்கு மூணு மாத்திரை. சீக்கிரம் குணமாகும்ல."

கஞ்சியை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 9

இரண்டாம் குழு வந்தது, இன்னும் பன்னிரண்டு பேர். வாயில் முகமூடியோடு கடைசி நாற்காலியில் எர்மெலிந்தா.

நெஞ்சுக்குள் ஒரு சேவல் கூவியது, பொய் சொல்ல மாட்டேன். வந்துட்டியா. உன் குவளைக்கு யாரடி நூல் கட்டுவா?

அவளே எழுந்து வந்தாள். நாட்டியப் பாவாடைகளுக்குப் பூவேலை செய்து பிழைப்பவள். விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. முகமூடியைக் கீழே இழுத்தாள்.

"கொமாத்ரே. மூஞ்சியத் திருப்பிக்காத. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன், அப்புறம் இன்னும் ஒன்பது வருஷம் பேசாம இரு."

"முகமூடியப் போட்டுட்டுக் கேளு."

"அந்தப் பேப்பர்ல கண்ணுன்னு போட்டிருக்கு. எனக்குக் கண்ணுதான் சோறு. நீ மூணு மாசமா முழுங்கிற. ஏதாவது ஆகுதா?"

நோர்கா இரண்டடி தள்ளி நின்று ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"சத்தியமா?"

"ஆடு மாதிரி இருக்கேன், பாரு."

சிரித்தாள். போய்க் கையெழுத்துப் போட்டாள்.

ஜூலை 10

பகைக்காகச் சொன்னேனா, பயத்துக்காகச் சொன்னேனா? எல்லாம் ஞாபகம் இருக்கிறவளுக்கு இது மட்டும் தெரியவில்லை.

ஜூலை 23

எண் சொன்னேன்.

ஆகஸ்ட் 6

எண் சொன்னேன். எர்மெலிந்தாவின் முதல் மாதச் சோதனையும் நன்றாகவே இருந்ததாம். அவளுக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு வயதான கண், அதனால்தான். அப்படித்தான் இருக்கும். அப்படித்தானே?

ஆகஸ்ட் 20

சந்தையில் அவள் மகள் மரிசோலைப் பார்த்தேன். என் ஞானப்பிள்ளை; என்னை மாத்ரினா, ஞானத்தாய் என்று கூப்பிடுபவள். முகம் வீங்கி இருந்தது.

"அம்மா ஒரு பாவாடை முழுக்க ரோஜாவைப் பச்சையில தச்சுட்டாங்க, மாத்ரினா. வாங்க வந்தவன் குடிச்சிருக்கியான்னு கேட்டுட்டுப் போனான். அது போன வாரம். இப்ப ஊசிக் காதே தெரியல. என் மூக்கத் தொட்டுப் பாத்துத்தான் நான்னு கண்டுபிடிக்கிறாங்க."

இரண்டே வாரத்தில். மூன்று மாத்திரை.

கையிலிருந்த உருளைக்கிழங்கை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. எனக்கா தெரியவில்லை? எனக்கா?

ஆகஸ்ட் 22, வியாழன்

என் முறை இல்லாத நாள். ஆனாலும் போனேன்.

"புள்ளிப் புத்தகத்தை எடு" என்றேன்.

"இன்னிக்கு உங்களுக்குச் சோதனை இல்லையே மமிதா."

"எடு. பின்னாலிருந்து காட்டு."

காட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை. நடுவில் ஒன்று காட்டினாள். முன்னால் ஒன்று. பிறகு புத்தகத்தை மெதுவாக மூடினாள்.

"எப்பலேர்ந்து?"

"ஜூன் நாலு."

நோர்கா சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒருத்தர் சொல்லியிருந்தாப் போதும். அந்த மூணாவது மாத்திரையக் குடுத்திருக்கவே மாட்டோம்."

சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் மருந்தை நிறுத்திவிட்டார்கள். இருபத்துநாலு பேருக்கும். பாதிப் பேருக்குக் கிருமி போயிருந்தது. இனி என்ன ஆகுமோ.

ஆகஸ்ட் 24

எர்மெலிந்தா வீட்டுக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தேதி தேதியாக.

அவள் நூல் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நான் நாலு பேருக்கு முன்னால உன்ன அவமானப்படுத்தினேன். தப்புதான். அதுக்குக் கண்ணா?"

"அதுக்காக இல்ல."

"அப்ப எதுக்கு?"

மரிசோல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். என்னை மாத்ரினா என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 10

சளியில் மறுபடி கிருமி. நய்ராவைத் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் என் மகள். சரிதான்.

செப்டம்பர் 17

ஊசி தொடங்கியது.

அக்டோபர் 8

சுகாதார நிலையத்துப் பெஞ்சில் தினமும் ஊசிக்காக நானும் எர்மெலிந்தாவும். அவள் அந்த முனை, நான் இந்த முனை. எனக்கு எழுத்து தெரியும் அளவுக்குக் கண் வந்துவிட்டது, நிறம் வரவில்லை. அவளுக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான்.

இன்று கஞ்சிக்கு என் குவளையைக் கொண்டுபோனேன். குவளைகளை வரிசையாக வைத்து ஊற்றினார்கள். கைநீட்டித் தேடியவளின் விரல் என் குவளைப் பிடியில் நின்றது. முடிச்சைத் தடவினாள். அவள் முடிச்சு அவளுக்குத் தெரியாதா?

"இன்னும் வச்சிருக்கியா?"

"ம்."

"நிறம் போயிருச்சா?"

எனக்கு அது சாம்பல். "சிவப்பாத்தான் இருக்கு" என்றேன். ஞாபகத்திலிருந்து.

"பாத்தா சொல்ற?"

"இல்ல."

அவிழ்த்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். அங்கேயே இருக்கட்டும்" என்றாள். குவளையை என் பக்கம் தள்ளிவிட்டு, தன்னுடையதைத் தேடினாள்.

அக்டோபர் 29

இடது காதுக்குள் ஈ பறப்பதுபோல் ஒரு இரைச்சல். காலையிலிருந்து போகவில்லை. ஊசி போடுகிறவளிடம் சொன்னேன். "எப்பலேர்ந்து?" என்றாள். "இன்னிக்கு, ஆறு மணியிலேர்ந்து" என்றேன். எழுதிக்கொண்டாள்.