மச்சாள் விளையாடிப் பார்த்த விளையாட்டு

மச்சாள்,

இன்று பிள்ளையின் மேசையைத் துடைத்தபோது, அவளுடைய கையடக்க வீடியோ கேம் பெட்டியின் பட்டன் ஒன்றில் மஞ்சள் கறையைக் கண்டேன். கறிக்குத் தூள் போட்ட கையோடு வந்து நீங்கள் அழுத்திய பட்டன் அது. துணியை எடுத்தேன். துடைக்க மனம் வரவில்லை.

கனடாவிலிருந்து என் அண்ணை அனுப்பிய பொதியில் அது வந்த நாள் நினைவிருக்கிறதா? உங்கள் தம்பி, என்னுடைய மனுசன், எங்களை விட்டுப் போய் ஓராண்டுகூட ஆகவில்லை. பிள்ளை அதற்குப் பிறகு ‘அப்பா’ என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. பெட்டிக்குள் இருந்ததோ யப்பான்காரரின் அனிமே கார்ட்டூன் விளையாட்டு. வாள் தூக்கிய பெண்ணொருத்தி, செத்துப்போன தன் தம்பிக்காகப் பேய்களை வெட்டிக்கொண்டு போகிறாள். அட்டையைப் பார்த்ததுமே அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். செத்தவீடு நடந்த வீட்டுக்கு இதுவா வரவேண்டும், திருப்பி அனுப்பிவிடுவோம் என்றேன்.

“பொறு. ருசி பாக்காமல் உப்புக் கூடிப்போச்செண்டு சொல்லக்கூடாது. பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும், நாங்கள் விளையாடிப் பாப்பம்” என்றீர்கள்.

புத்தூர் முழுக்கத் தேடினாலும் உங்களைப்போல ஒரு நீதிபதி கிடைக்கமாட்டார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக் குந்தினீர்கள். திரையில் வந்த இங்கிலீசை நான் வாசித்துச் சொல்ல, நீங்கள் வெட்டினீர்கள். பேய் விழுந்தால் “போ சனியனே” என்பீர்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முதற்கட்டம் முடிந்ததும் அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். தம்பியின் படத்துக்கு முன்னால் தட்டு வைத்து, அவனுக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டுமாம். சோறு, மீன், பழம், பலகாரம் என்று திரையில் வரிசையாக வந்தன. உங்கள் விரல் அப்படியே நின்றது. செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து நாங்கள் படைப்பதை, கடலுக்கு அப்பால் யாரோ இந்தச் சின்னப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

நீங்கள் சோற்றையும் பழத்தையும் மட்டும் வைத்தீர்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்தாள். விளையாட்டு மேலே நகரவில்லை.

“மீனையும் வையுங்கோ மச்சாள்.”

“இண்டைக்கு வெள்ளி.”

“உது பொய்த் தட்டு.”

“தட்டுப் பொய்யெண்டாலும் வைக்கிறது என்ரை கையெல்லே. நாளைக்கு வைப்பம். அந்தப் பெட்டை ஒரு நாள் பொறுக்கட்டும்.”

சனிக்கிழமை பிள்ளை ரியூசனுக்குப் போனபின் மீனை வைத்தீர்கள். திரையில் விளக்கொன்று எரிந்தது. அந்தத் தம்பி வந்து உட்கார்ந்து, அவசரமில்லாமல் சாப்பிட்டான். “யப்பான்காரனுக்கு இதை ஆர் சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டீர்கள். எனக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் அந்த வியப்பு அடங்கவில்லை.

பிறகு தீர்ப்புச் சொன்னீர்கள்: “வாள் இருக்கு, ரத்தம் இல்லை. பாவாடை கொஞ்சம் கட்டை. ஆனா செத்தவனுக்குச் சோறு போடுறாள். குடுக்கலாம். தனிய விடாதை, நான் பக்கத்திலை இருப்பன்.”

சொன்னபடியே இருந்தீர்கள். பிள்ளை அந்தத் தட்டுக்கு வந்தபோது நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வெகுநேரம் திரையைப் பார்த்தாள். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, “அப்பாவுக்கு நண்டுதான் விருப்பம் மாமி. இதிலை நண்டு இல்லை” என்றாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நீங்கள் அசையவில்லை. “ஓம், நண்டெண்டால் அவன் கோதையும் சப்பாமல் விடான்” என்று கதையைத் தொடர்ந்தீர்கள். அன்றிலிருந்து அவள் அப்பாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள்.

போன மாரியில் நெஞ்சுநோவென்று ஆசுபத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. உங்கள் எட்டுக்கு என்ன படைப்பது என்று சனம் கூடிக் கதைத்தது. “அவவுக்கு எல்லாம் விருப்பம்தானே” என்றார்கள். ஒரே அடுப்படியில் இத்தனை காலம் நின்ற எனக்கும் அதற்குமேல் தெரியவில்லை. எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டு மிஞ்சியதைத்தானே நீங்கள் சாப்பிட்டீர்கள்.

பிள்ளை முன்னால் வந்தாள். “மாமிக்கு றோஸ்பாணும் கதலிப்பழமும். றோஸ்பாண் சுடச்சுட வேண்டோணும்.”

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“விளையாடேக்கை கேட்டனான்.”

ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பேக்கரிக்கு ஓடினார். மேல் முறுகச் சுட்ட றோஸ்பாண் ஆவி பறக்க வந்தது. பிள்ளைதான் தன் கையால் வைத்தாள்.

இப்போது அயலில் யாராவது புது விளையாட்டோடு வந்து, “இது பிள்ளையளுக்குச் சரிவருமோ?” என்று கேட்டால், முதலில் நான் விளையாடிப் பார்க்கிறேன். பிறகு, பக்கத்தில் இருக்க ஆள் உண்டா என்று கேட்கிறேன். அது உங்கள் சட்டம்.

நேற்றுப் பின்னேரம் பிள்ளை திரையிலிருந்து கண்ணை எடுத்து, “அம்மா, உங்களுக்கு என்ன விருப்பம்?” என்று கேட்டாள். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை, மச்சாள். விளையாட்டை நிறுத்திவிட்டு, நான் யோசித்து முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.