ஆலத்தி எடுத்தவள்

பதுளை
12.2.1954

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நீங்களும் ஐயாவும் பிள்ளை ஜெயமலரும் சுகமாக இருக்க முருகனைக் கும்பிடுகிறேன். நான் சுகம் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

என் வீட்டுக்காரர் கண்ணை மூடியதும் அவர் அண்ணன் வீரய்யா வழக்குப் போட்டிருக்கிறார். தையல் கடையும் வீடும் தம்பி சொத்தாம். நான் பெண்சாதியே இல்லையாம், சும்மா சேர்ந்திருந்தவளாம். எங்கள் கல்யாணத்தைப் பதியவில்லை. தேயிலைத் தோட்டத்தில் யார் பதிந்தார்கள்? மாரியம்மன் கோவிலில் தாலி எடுத்துக் கொடுத்த பூசாரியும் போய்ச் சேர்ந்துவிட்டார். என் இரண்டு பிள்ளைகளையும் அப்பன் பெயர் இல்லாதவர்களாக்கப் பார்க்கிறார் வீரய்யா.

கொழும்பிலிருந்து சாஸ்திரம் படித்த ஒருவர் வந்து, அக்கினி வளர்க்காதது கல்யாணமே இல்லை என்று சாட்சி சொல்லப் போகிறாராம். படித்தவர் என்பதால் அவர் தன் அபிப்பிராயத்தைச் சொல்லலாமாம். மற்றவர்கள் "புருசன் பெண்சாதி என்று நினைக்கிறேன்" என்று மட்டும் சொன்னால் வழக்கு விசாரிக்கும் கோடு எடுக்காதாம். நெருங்கிப் பழகியவர்கள் எங்களைப் புருசன் பெண்சாதியாக வைத்து எப்படி நடந்துகொண்டார்கள் என்று சொன்னால் எடுக்குமாம். என் வக்கீல், புரொக்டர் நிஸாம் ஐயா அப்படித்தான் விளக்கினார்.

எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது. ஜெயமலர் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில், சுமங்கலிதான் ஆலத்தி எடுக்கவேண்டும் என்று, சொந்தக்காரர் அத்தனை பேர் நிற்க என்னைக் கூப்பிட்டீர்களே. அதைக் கோட்டில் வந்து சொல்வீர்களா?

இப்படிக்கு,
தனலெட்சுமி

சாவகச்சேரி
24.2.1954

அன்புத் தங்கச்சி தனலெட்சுமிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் மனத்தால் பதுளையிலேயே இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் உன் வீட்டுக்காரர் கந்தப்பனின் தையல் மெஷின் ஓடாவிட்டால் எனக்குப் பள்ளிக்கூடக் கொப்பி திருத்த வராது. மழை நாளில் வெலிமடைக் கிழங்கைச் சுட்டுச் சுவருக்கு மேலால் நீட்டுவாய். கச்சேரி உத்தியோகத்துக்கு நேரமாச்சு என்று கத்திக்கொண்டே இவர்தான் முதல் கிழங்கை எடுப்பார். இங்கே ஒரே வெயில். சுவருக்கு மேலால் கூப்பிடவும் ஆளில்லை.

எதையும் நான் மறக்கவில்லை. ஆனால் ஜெயமலருக்கு ஒரு டாக்டர் மாப்பிள்ளை பேசுகிறோம். தோட்டத்துப் பெண் ஆலத்தி எடுத்த கதை கோடேறினால் அவர்கள் விலகிவிடுவார்களாம். "அண்டைக்கே வேண்டாமெண்டனான், நீ கேக்கேல்லை" என்று இவர் மறுபடி தொடங்கிவிட்டார். கடிதமாக எழுதித் தந்தால் போதாதா? நிஸாமைக் கேட்டுப் பார்.

அன்புடன்,
செல்வநாயகி

பதுளை
9.3.1954

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

போதாதாம். கடிதத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதே என்கிறார். ஆள் வந்து சாட்சிக் கூட்டில் நிற்க வேண்டுமாம்.

கோபமில்லை என்று எழுத நினைத்தேன், வரவில்லை. கொஞ்சம் கோபம்தான். அன்றைக்குத் தாலி கட்டியவள் என்று நினைத்துத்தானே என்னைக் கூப்பிட்டீர்கள்? இல்லை, பக்கத்து வீட்டுக்காரி மனம் நோகக் கூடாது என்றா? அது தெரிந்தால் போதும், வழக்கு எப்படியும் போகட்டும். விசாரணை ஜூன் ஏழாம் திகதி. நீங்கள் வர வேண்டாம். பிள்ளையின் கல்யாணம் நல்லபடி நடக்கட்டும்.

தனலெட்சுமி

பதுளை
2.7.1954

அன்புள்ள அக்கா,

இனி டீச்சரம்மா என்று எழுத மாட்டேன்.

ஒரு வரி போடாமல் தனியாக ரயிலில் வந்து இறங்கினீர்கள். சாட்சி சொன்ன கையோடு ஒரு வாய் சோறுகூடச் சாப்பிடாமல் போய்விட்டீர்கள். இப்படிப்பட்டவளை உங்கள் மகளுக்கு ஆலத்தி எடுக்க விடுவீர்களா என்று எதிர்ப்பக்க வக்கீல் இளக்காரமாகக் கேட்டாரே, அதற்கு நீங்கள் சொன்ன பதிலைப் பஜாரே பேசுகிறது.

"விடுவியளோ எண்டு கேக்காதேங்கோ. விட்டனான். தாலி கட்டினவள் எண்டுதான் விட்டனான்."

என் கேள்விக்கும் அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

நேற்றுத் தீர்ப்பு வந்தது. சாஸ்திரம் படித்தவர் தோட்டத்துக் கல்யாணம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை, அடுத்த வீட்டார் நடந்துகொண்ட விதமே பெரிது என்று நீதிபதி சொல்லிவிட்டார். கடை, வீடு எல்லாம் எங்களுக்கே. மாப்பிள்ளை வீட்டார் விலகிய செய்தி ஜெயமலர் எழுதித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் வாயே திறக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்து ஈடுகட்டுவேன் அக்கா?

இன்னொன்றையும் உங்களிடம்தான் சொல்ல முடியும். அவர் போனதிலிருந்து நான் ஒழுங்காக அழவில்லை. அழ நீ யார் என்று வீரய்யா கேட்பாரோ என்று முதலில் பயம். பிறகு பெண்சாதி என்று காட்டுவதற்கே பொழுது சரியாக இருந்தது. நேற்று நீதிபதி, "கந்தப்பனின் மனைவி தனலெட்சுமி" என்று வாசித்தார். வீட்டுக்கு வந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்து, ஊர் கேட்க அழுதேன். வழக்குத் தோற்றுவிட்டதோ என்று பிள்ளைகள் பயந்து ஓடி வந்தார்கள்.

"இல்லடா, ஒங்கப்பா செத்துப் போயிட்டாருடா" என்றேன்.

உங்கள் தங்கச்சி,
தனலெட்சுமி கந்தப்பன்