தேயிலைக்கும் ஹோட்டலுக்கும் நடுவே ஒரு சைபர்

5 திங்கள். வெயில். கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த பக்கம் இன்னும் புகை.

குண்டு வெடிக்கும், பங்கு விலை சரியும், எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். யாரிடம் சொன்னேன் என்பது ஞாபகமில்லை. வெள்ளவத்தைச் சந்தை மரக்கறிக்காரனே என்னை ‘ஷெயார் மாத்தயா’, பங்கு ஐயா, என்றுதான் கூப்பிடுகிறான்.

வாங்க: பால்மா, மெழுகுதிரி.

தங்கச்சி பத்மா யாழ்ப்பாணத்துக் காணி விற்ற காசு முழுவதும் என்னிடம். அவள் மகள் வதனியைக் கனடாவுக்கு அனுப்ப. வெள்ளிக்குள் கட்டச் சொல்கிறான் ஏஜென்ட்.

பயமில்லை. அந்தக் காசில் பாதி ஹோட்டல் பங்கு, பாதி தேயிலைப் பங்கு. ஒவ்வொன்றின் விலையும் எவ்வளவு ஆடும், இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஆடும் என்று பார்த்துப் பிரிக்கச் சூத்திரம் உண்டு. தனித்தனி ஆட்டம் நானே எடுத்தது, சண்டை நின்ற மாதங்களின் பேப்பர் விலைகளிலிருந்து. சேர்ந்து ஆடுவது சைபர், ஒன்று விழுந்தாலும் மற்றது கூட விழாது. ஹெவ்லொக் டவுன் பேராசிரியர் போட்டுத் தந்த கணக்கு. என் மூளையை மெச்சி இரண்டு தரம் தேத்தண்ணி தந்தவர்.

6 செவ்வாய். மழை. பங்குத் தரகரின் கந்தோருக்குப் போனேன்.

“ஒக்கோம பஹினவா, அங்கிள்,” என்றான் கிளாக். எல்லாம் இறக்கமாம். ஹோட்டல் பாதிக்கும் கீழே. தேயிலையும். விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. பயந்தவன் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் விற்கிறான். இதுவும் நான் யோசித்ததுதான், ஆனால் சூத்திரத்தில் அதற்கு இடமில்லை.

பால்மா மறந்துபோனது.

7 புதன். நாங்கள் தங்கும் லொட்ஜில் பொலிஸ் சோதனை. வதனியை ஏற்றிக்கொண்டு போனார்கள். பொலிஸ் வாசலில் பத்மாவும் நானும். எனக்கு அங்கே பெரிய ஆட்களைத் தெரியும் என்றேன். ஒருவரையும் தெரியாது. பின்னேரம் விட்டார்கள். பிள்ளை சாப்பிடவில்லை. தலைவாரிவிடப் போன தாயின் கையைத் தட்டிவிட்டாள்.

திங்கள் விலை ஏறும் என்றேன். வாய் தானாகச் சொன்னது.

8 வியாழன். மழை விடவில்லை. ஏஜென்டிடம் ஒரு கிழமை தவணை கேட்டேன். “வேறை ஆக்கள் காசோடை நிக்கினம், ஐயா.” காலைப் பிடிக்காத குறை.

காசு போன விஷயத்தை, பேராசிரியர் கணக்கையும் சேர்த்து, பத்மாவிடம் சொன்னேன். அழவில்லை. அழுதிருக்கலாம்.

“அண்ணை, அந்தப் பேராசிரியரிட்டை எங்களைக் கூட்டிக்கொண்டு போங்கோ. படிச்ச மனுசன். கணக்குப் பிழைச்சது அவராலைதானே. பிள்ளையைக் கண்டால் ஏதும் உதவி செய்வார்.”

சேலை மாற்றிவிட்டாள். வதனியும் செருப்புப் போட்டுவிட்டாள். வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு சீப்பு வாழைப்பழம். வாசலில் குடையோடு நிற்கிறார்கள். சட்டை தேடுகிறேன் என்று உள்ளே வந்து இதை எழுதுகிறேன்.

ஹெவ்லொக் டவுனில் அப்படி ஒருவர் இல்லை. அந்தச் சைபர் நானே போட்டது. சைபர் என்றால் சூத்திரத்தில் பெருக்கல் லேசு.