தூக்காமல் திருப்பிய லென்ஸ்

சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குப் பள்ளியில் பழைய ஆசிரியைகளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆய்வகத்தில் என் கையில் ஒரு கண்ணாடிகூட உடைந்ததில்லை என்று மேடையில் சொன்னார்கள். அது தவறு. அங்கேயே எழுந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

மேசையில் நம் மைக்ராஸ்கோப்பை வைத்திருந்தார்கள். உப்புக் காற்றில் பித்தளை பச்சை பூத்திருந்தது. தொட்ட விரலில் ஏறிய வாடை, எத்தனை முறை கழுவியும் இன்னும் இருப்பதுபோலவே தோன்றுகிறது.

எழுபதுகளில் அது புதிதாக வந்தபோது பெட்டியைப் பிரித்தவள் என்னோடு அறிவியல் எடுத்த நீ. உப்பளத்து வாய்க்கால் நீரில் ஒரு சொட்டு; சிறிய லென்ஸில் ஏதோ ஒரு பொடி உயிர் நெளிந்தது. குழாயைத் தூக்காமலே பெரிய லென்ஸுக்குத் திருப்பினாய். அதன் கால்கள் கலங்காமல் தெரிந்தன. எனக்கோ, தூக்கிவிட்டுத்தான் திருப்ப வேண்டும் என்று கான்வென்டில் பழக்கியிருந்தார்கள். நான் ஒவ்வொரு முறையும் தூக்கி, இறக்கி, மறுபடி தேடுவேன்.

"எல்லாம் ஒரே செட்டுடி. ஒண்ணுல தெரிஞ்சா எல்லாத்துலயும் தெரியும். நீ மட்டும் ஏன் ஏணி ஏறி ஏறி எறங்குறே?" என்றாய். மாணவிகள் சிரித்தார்கள். எனக்குக் கோபம்.

ஒரு சனிக்கிழமை, உப்புப் படிந்திருந்ததென்று புதியதிலும் பள்ளியில் முன்பே இருந்த பழைய மைக்ராஸ்கோப்பிலும் இருந்த லென்ஸ்களைக் கழற்றித் துடைத்தேன். திரும்பப் பொருத்தும்போது பழையதன் பெரிய லென்ஸைப் புதியதில் மாட்டிவிட்டேன். அது ஒரு நூல் நீளம் அதிகம். தூக்கித் திருப்பும் எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை நீ உன் வழக்கப்படி திருப்பினாய். நீண்ட லென்ஸ் ஸ்லைடில் இடித்து நறுக்கென்றது. ஸ்லைடும் உடைந்தது, லென்ஸும் விரிசல் விட்டது.

தலைமை ஆசிரியையான சிஸ்டர் உன் அலட்சியம் என்று எழுதினார். "நான் எப்பவும் போலதான் திருப்புனேன், சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். லென்ஸில் பொறித்திருந்த எண்ணை அன்று மாலையே படித்துப் புரிந்துகொண்டேன். வாய் திறக்கவில்லை. எதிலும் பிழை விடாதவள் என்ற பெயர் எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. அடுத்த ஆண்டு உனக்கு வேலை இல்லை. பொம்மையார்பாளையத்தில் டியூஷன் எடுத்துக் காலத்தைக் கழித்தாய்.

என் கணவரிடம்கூட, அவர் இருந்தவரை, இதைச் சொன்னதில்லை. நீ இறந்த செய்தி வந்தது. துக்கத்துக்கும் நான் வரவில்லை.

ஞாயிறன்று யாரோ ஒரு ஸ்லைடை வைத்து, பாருங்க டீச்சர் என்றார்கள். லென்ஸைத் திருப்புமுன் என் கை தானாகக் குழாயைத் தூக்கிவிட்டது. தெரிந்ததெல்லாம் கலங்கிப்போனது. மறுபடி தேட எனக்குப் பொறுமை இல்லை.

இந்த மடலை உன் மகளுக்கு அனுப்புகிறேன். மகளே, உன் அம்மாவிடம் அலட்சியம் இல்லை, தவறு என்னுடையது. பள்ளிக்கும் இதையே எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். போன் செய்யாதே. நீ நினைப்பது எதுவானாலும், எழுத்தில் பதில் அனுப்பு.