ஆடிச்சீராக வந்த அலாய் வீல்

அம்பத்தூர்
12-8-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பிரியா எழுதுகிறேன். அம்பத்தூரிலிருந்து திருமழிசைக்கு ஸ்டாம்ப் ஒட்டிக் கடிதம் போடுகிற ஆள் இந்தக் காலத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேறு வழியில்லை. போனில் "அப்பா, அந்த வீல்..." என்று ஆரம்பித்தாலே, "அப்பால பேசறேம்மா, லைன்ல ஆள் கீது" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது.

முதலில் நல்ல சேதி. நீங்களும் அம்மாவும் கொண்டுவந்த ஆடிச்சீரை என் மாமியார் தெரு முழுக்கக் காட்டிவிட்டார். புடவையும் வேட்டியும் எல்லாருக்கும் பிடித்துப் போயின. நான்கு அலாய் வீலும் மஞ்சள் குங்குமத்தோடு பூஜை அறை வாசலில் அடுக்கியிருக்கின்றன. காலையில் விளக்கேற்றப் போனால் முதலில் அவற்றைத்தான் தாண்ட வேண்டியிருக்கிறது.

அப்பா, அவை என் காருக்குச் சேராது. பாலியோ பழைய மாடல். அதன் சக்கரத்தில் நான்கு போல்ட் ஓட்டைகளும் ஒரு வட்டத்தில் இருக்கும். என் வண்டியில் அந்த வட்டம் தொண்ணூற்றெட்டு மில்லிமீட்டர். நீங்கள் வாங்கியதில் நூறு. பார்வைக்குத் தெரியாது, மாட்டினால் தெரியும். போல்ட் நேராக உட்காராமல் சாய்ந்து நிற்கும். ஓட ஓட ஆட்டம் கொடுக்கும், ஒருநாள் கழன்றுவிடும்.

சரண் "சூப்பர் மாமா" என்று சொன்னது உங்கள் மேல் உள்ள மரியாதைக்காக. மாமனார் தட்டில் வைத்து நீட்டுவதை எந்த மாப்பிள்ளை வேண்டாம் என்பார்? அதுவும் கார் ஓட்டவே தெரியாத மாப்பிள்ளை.

கடையில் சொல்லி மாற்றிக் கொடுங்கள். தொண்ணூற்றெட்டு வட்டத்தில் கிடைக்காவிட்டால் ஒன்றும் வேண்டாம், என் இரும்பு ரிம்முக்கே பெயிண்ட் அடித்துக்கொள்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் பிரியா


திருமழிசை
20-8-2024

என் செல்ல மகள் ஜெயப்பிரியாவுக்கு அப்பா தசரதன் ஆசி கூறி எழுதுவது.

உன் கடிதம் வந்தது. தபால்காரர், "மாப்ள ஊட்ல இன்னா விசேஷம்?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரித்தார். அம்மாவுக்குக் கால் வலி தேவலை. கோயம்பேட்டுக்கு ஏற்றுகிற கீரைக்கு இந்த வாரம் விலை பரவாயில்லை. மழைதான் பயமுறுத்திக்கொண்டிருக்கிறது.

வீல் விஷயத்துக்கு வருகிறேன். பூந்தமல்லிக் கடையில் காலையில் போய் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்து பொறுக்கி எடுத்தவன் நான். கறுப்பில் காட்டினான். சீருக்குக் கறுப்பு ஆகாது என்று வெள்ளி நிறம் கேட்டேன். அதிலும் கத்தி கத்தியாக இருந்ததைத் தள்ளிவிட்டு, பூ விரிந்தது போல இருந்ததை எடுத்தேன். மாப்பிள்ளை வண்டிக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். சின்ன காருக்கு எல்லாமே சேரும் என்று கடைக்காரன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான்.

கற்பூரம் காட்டி, குங்குமம் வைத்து, ஊரைக் கூட்டிக் கொடுத்த சீரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்க் கடையில் நிற்கச் சொல்கிறாயே, உனக்கே நன்றாக இருக்கிறதா? கல்யாணமான முதல் வருஷம். சீர் திரும்பினால் என்ன அர்த்தம் என்று உன் அம்மாவைக் கேட்டுப் பார். உன் கோவிந்தன் மாமா அன்றைக்கே, "இன்னா மச்சான், அல்லாரும் மாப்ளைக்கி மோதரம் போட்டா நீ சக்கரம் போட்டுகினு வர்றே" என்று நாலு பேர் முன்னால் சிரித்தான். அவன் வாயை அடைக்க, தலைதீபாவளிக்கு நம் தெருவில் அந்தச் சக்கரத்தோடு மாப்பிள்ளை வண்டி வந்து நிற்க வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

ரெண்டு மில்லி என்பது நகக்கண் அளவு. நானும் வருஷக்கணக்காகக் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன்தான். நம் மெக்கானிக் பரந்தாமனைக் கேட்டேன். "ரெண்டு மில்லிதானே அண்ணாத்தே, தட்டி ஏத்திடலாம்" என்கிறான். நீ கவலைப்படாமல் வேலையைப் பார். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
அப்பா


அம்பத்தூர்
29-8-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

எனக்குக் கோபம் வருகிறது. மறைக்கத் தெரியவில்லை, நேராகவே எழுதிவிடுகிறேன்.

மாப்பிள்ளை வண்டி, மாப்பிள்ளை வண்டி என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்! அது என் வண்டி அப்பா. கல்யாணத்துக்கு முன்னால் என் சம்பளத்தில் நான் வாங்கியது. அன்றைக்கு, "பொம்பளைப் புள்ளைக்கி எதுக்கும்மா காரு?" என்று நீங்கள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தாலி ஏறியதும் அதே கார் மாப்பிள்ளை காராகி, சீருக்கும் தகுதியாகிவிட்டது. ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் என் பெயர்தான் இருக்கிறது.

நகக்கண் அளவு என்கிறீர்கள். கம்பெனியில் என் வேலையே அளப்பதுதான். முடி அளவு தப்பினாலும் அந்தப் பாகத்தை ஒதுக்கித் தள்ளுவேன். அதற்காகத்தான் மாதா மாதம் சம்பளம் தருகிறார்கள். நான் சொன்னால் அங்கே மெஷினை நிறுத்துகிறார்கள். அப்பா ஒருத்தருக்குத்தான் என் பேச்சு காதில் ஏறவில்லை.

சரி, நானே மாற்றிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் இருக்கிற பாடிக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினேன். முதல் கடையில், "சார் வரலீங்களா மேடம்?" என்றான். அடுத்தவன் ஒரு படி மேலே போய், "சாருக்கு இன்னா கலர் புடிக்கும்?" என்று கேட்டான். ஓட்டுவது நான் என்றேன். உடனே ரோஜா நிறத்தில் மூடி போட்டதை எடுத்துக் காட்டினான். தொண்ணூற்றெட்டு வட்டம் இருக்கிறதா என்றால் எல்லாரும் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். ஒருவரிடமும் இல்லை. எல்லாரும் நூறைத்தான் காட்டி, "ஏறிடும்" என்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போது தலைவலி வருகிறது.

உங்கள் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. நீங்கள் பூப்போல இருக்கிறது என்று தேடி எடுத்ததைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அத்தனை நேரம் கடையில் உட்கார்ந்திருந்தவர், ஒரு போன் போட்டு, "உன் வண்டிக்கு என்ன அளவும்மா?" என்று கேட்டிருக்கலாம் இல்லையா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பரந்தாமன் அண்ணனை என் வண்டியைத் தொட விடாதீர்கள்.

பிரியா


திருமழிசை
13-9-2024

அன்பு மகள் பிரியாவுக்கு,

இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் நீயே பார்த்திருப்பாய். இருந்தாலும் நான் சொன்ன மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். புதன்கிழமை நாள் நன்றாக இருந்தது. நீ கம்பெனி வேலையாக ஸ்ரீபெரும்புதூர் போய்விட்டதாக மாப்பிள்ளை போனில் சொன்னார். வண்டி வீட்டில்தான் நிற்கிறது என்றதும் பரந்தாமனைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாப்பிள்ளைக்குத் தயக்கம்தான். "அவ வந்துடட்டும் மாமா" என்று இழுத்தார். "நாங்க பாத்துக்கறோம் மாப்ள, நீங்க சாவியக் குடுங்க" என்றேன். கொடுத்துவிட்டார். பரந்தாமன் டயர்களைப் புது வீலுக்கு மாற்றி, நீளக் குழாய் ஒன்றை ஸ்பேனரில் சொருகி, ஏறி நின்று முறுக்கினான். நாலும் ஏறிவிட்டது. மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். ஸ்டியரிங் கொஞ்சம் உதறியது. புதுசு அப்படித்தான் இருக்கும், பழகினால் சரியாகிவிடும் என்றான்.

நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் மாப்பிள்ளையிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் மாமியார் கேசரி கிளறிக் கொடுத்தார். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். வண்டிக்கு அப்படி ஒரு களை வந்துவிட்டது! கோபத்தை விட்டுவிடு கண்ணு. அப்பா உனக்குக் கெடுதல் செய்வேனா?

தீபாவளிக்கு முதல் நாளே வந்துவிடுங்கள். பட்டாசுக்குச் சொல்லிவிட்டேன்.

அப்பா


அம்பத்தூர்
17-9-2024

அப்பாவுக்கு,

புதன்கிழமை இரவே பார்த்துவிட்டேன். சரண் கேசரித் தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். மறுநாள் காலையில் ஜாக்கி வைத்து நானே கழற்ற உட்கார்ந்தேன்.

முன்பக்கச் சக்கரங்கள் இரண்டிலும் போல்ட்டோடு சேர்ந்து இரும்புத் தூள் வந்தது. ஹப்பில் மரை போய்விட்டது. ஹப் என்பது சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற இரும்பு வட்டு. அதில்தான் போல்ட் ஏறும். சாய்வாக ஏற்றி, குழாய் போட்டு முறுக்கியதில் அந்த மரையெல்லாம் மழுங்கிவிட்டது. இனி உங்கள் வீல் மட்டுமல்ல, என் பழைய ரிம்மையும் அதில் மாட்ட முடியாது. இந்த மாடலுக்குப் புது ஹப் வருவதில்லை என்று விசாரித்த இடத்திலெல்லாம் கையை விரிக்கிறார்கள். வண்டி செங்கல் மேல் நிற்கிறது. நான் இப்போது ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போகிறேன்.

ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிப் பார்த்தீர்களாம். உதறியதாம். அந்த உதறலோடு நான் பாடி மேம்பாலத்தில் ஏறியிருந்தால்? உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்த சரணுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அவரைக் கேட்டேன். "பெரியவர் வந்து நிக்கறப்போ எப்படி முடியாதுன்னு சொல்றது?" என்றார். நீங்கள் அவருக்கு மரியாதை, அவர் உங்களுக்கு மரியாதை. இரண்டு பேருமாகச் சேர்ந்து என் வண்டியை முடித்துவிட்டீர்கள்.

வேண்டாம் என்று எழுதினேன். தொட விடாதீர்கள் என்று எழுதினேன். படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் பேச்சை ஒரு பேச்சாக நீங்கள் எடுத்துக்கொண்டதே இல்லை.

தீபாவளிக்கு நாங்கள் வரவில்லை. கோவிந்தன் மாமாவிடம் என்ன காரணம் சொல்வீர்களோ, அது உங்கள் பாடு. இதற்குப் பதில் எழுத வேண்டாம். அம்மாவிடம் நான் போனில் பேசிக்கொள்கிறேன்.

ஜெயப்பிரியா


திருமழிசை
14-10-2024

மகள் ஜெயப்பிரியாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இத்தனை நாள் எழுதவில்லை. இப்போது ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று வீடு அதிரக் கத்தினேன். அம்மா சோற்றை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பரந்தாமனைப் பிடித்து உலுக்கினேன். "நீ ஏத்துடான்னே, நான் ஏத்துனேன் அண்ணாத்தே. அது யார் வண்டி, அவுங்கள கேட்டியான்னு நானா கேக்க முடியும்?" என்றான்.

போன வாரத்திலிருந்து கோயம்பேட்டில் கீரையை இறக்கிவிட்டு, வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, பஸ் பிடித்துப் புதுப்பேட்டை போய் வருகிறேன். பழைய கார்களை உடைத்துப் பாகம் பாகமாக விற்கிற தெருக்கள். எண்ணெய்ச் சேற்றில் செருப்பு வழுக்குகிறது. பாலியோ ஹப் என்று கேட்டால் பாதிப் பேர் காது கேட்காத மாதிரி இருந்துவிடுகிறார்கள். மீதிப் பேர் வேறு எதையோ எடுத்து நீட்டி ஏறிடும் என்கிறார்கள். எனக்கும் அந்த வார்த்தை இப்போது ஆகவில்லை.

நேற்று ஒரு சந்துக்குள்ளே ஒருத்தன், "கீது நைனா, குந்து" என்றான். கடைக்குள் போய்த் தேடிக்கொண்டே, "யாரு வண்டி, உன்துதா?" என்று கேட்டான். மாப்பிள்ளை வண்டி என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். "என் பொண்ணு வண்டிபா. அவ வாங்குனது, அவதான் ஓட்டறா" என்றேன். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை பிரியா. சொன்னபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவன் தலையைக்கூடத் தூக்கவில்லை. அவனுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

இரண்டு ஹப் எடுத்துவந்து முன்னால் வைத்தான். துரு ஏறியிருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு நன்றாகத்தான் இருப்பதாகப் பட்டது. "கண்ண மூடிகினு எட்துகினு போ நைனா, கரீட்டா ஒக்காரும்" என்றான். பைக்குள் கை போய்விட்டது. வாங்கிவந்து உன் வாசலில் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனசு ஒரே அடியாய் அடித்துக்கொண்டது.

வாங்கவில்லை. "என் பொண்ணு வந்து அளந்து பாக்கட்டும், அது வரைக்கும் ஓரமா வையிபா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவன் முறைத்தான். முறைத்துவிட்டுப் போகட்டும்.

சனிக்கிழமை உனக்கு லீவா, வேலையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. லீவாக இருந்தால், உனக்கும் வர மனசிருந்தால், ரயிலில் சென்ட்ரல் வந்துவிடு. காலையிலிருந்து ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன். தீபாவளியைப் பற்றி நான் இப்போது ஒன்றும் கேட்கவில்லை. நீ பார்த்துச் சரி என்றால் வாங்கலாம். சேராது என்றால் இரண்டு பேரும் ஒரு டீயைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பலாம்.

அப்பா