கூட்டத்துக்கு வெளியே ஒரு வீடு

மார்ச் 4, செவ்வாய்
இன்று கல்லூரி வகுப்பில் தீவிரவாதக் குழுக்களின் பொருளாதாரம். "இந்தக் குழுக்களில் இத்தனை கட்டுப்பாடு ஏன்? அரைகுறை மனதோடு வருகிறவன் தானாகக் கழன்றுகொள்வான். மிஞ்சுகிறவர்கள் ஒருவரையொருவர் தாங்குவார்கள்" என்றேன். பலகையில் படம்கூடப் போட்டேன்: வெளிக்கதவு பூட்டிய ஒரு வட்டம், உள்ளே ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் ஆட்கள். என் தம்பியும் அப்படி ஒரு கூட்டத்தில்தான் இருக்கிறான் என்று மட்டும் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்
அந்தக் கூட்டத்தை விட்டு வரச் சொல்லித் தம்பிக்கு இன்னொரு கட்டுரை அனுப்பினேன். பதில் இல்லை. வியாழன் மாலை ஆறரை அவர்கள் கூடும் நேரம். ஒரு வாரம் தவறினாலும் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்களாம்.

மார்ச் 15
அவன் கூட்டத்து ஆட்கள் இரண்டு பேர் கைது. ஒரு கடையைக் கொளுத்தியிருக்கிறார்கள். அவன் பெயர் இல்லை. அடுத்த முறை அவனை அனுப்பினால்? அப்பா டிவியை அணைத்தார். "அவனத் தலைமுழுகியாச்சு. இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது."

மார்ச் 16
தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் இல்லை. மகள் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அவன் மனைவியிடம் கத்தினேன் – அவங்க யாருன்னு தெரியுமா உனக்கு?
"தெரியும் அண்ணி. எனக்கு ஆபரேஷன் ஆனப்போ சமைச்சுப் போட்டது அவங்க. நான் வேலைக்குப் போனா குட்டியப் பாத்துக்கிறது அவங்க. அவங்கள விட்டா எங்களுக்கு யாரு இருக்கா, சொல்லுங்க."
நான் பலகையில் போட்ட படம்தான் அது. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறேன், எனக்கு உறைக்கவில்லையே! அவர்கள் அந்தப் பக்கம் பூட்டினார்கள் என்றால், இந்தப் பக்கம் பூட்டியது யாராம்? நாங்கள்தானே.
"குட்டிய எங்க வீட்டுல விடு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது? பயமாக இருக்கிறது.

மார்ச் 19
தம்பி மனைவி குட்டியைக் கொண்டுவந்து விட்டாள். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். மதியம் நான் வந்து பார்த்தால், அதே பேப்பரில் தொப்பி செய்து அவள் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறார். நான் எதையும் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டேன்.

ஏப்ரல் 2
தம்பிக்குக் கட்டுரை அனுப்புவதை விட்டுவிட்டேன். குட்டியின் போட்டோ அனுப்பினேன். உடனே பதில்: "சாப்பிட்டாளா?"

ஏப்ரல் 17, வியாழன்
மாலையில் குட்டியைக் கூட்டிப்போகத் தம்பி மனைவிதான் வருவாள். இன்று அவனே வந்தான். இளைத்திருந்தான். வாசலிலேயே நின்றான்.
உள்ளேயிருந்து அப்பா, யாரையும் பார்க்காமல், "செருப்பக் கழட்டிட்டு வரச் சொல்லு" என்றார்.
வந்து உட்கார்ந்தான். ஆறரை ஆனது. ஏழும் ஆனது. இன்னைக்குக் கூட்டம் இல்லையாடா என்று வாய் வரை வந்தது. இன்னொரு தட்டு எடுத்து வைத்தேன்.