முப்பதாம் நாள் இல்லாத ஆண்டு

யூன்ச்சிங் கண்ணு,

இங்கே குழாய்த் தண்ணீர் உறைகிற குளிர். உன் அம்மா பன்றி இறைச்சிக்கு உப்புத் தடவித் தொங்கவிட்டாயிற்று.

நேற்று சந்தையில், பேருந்து நிலையத்து விடுதிக்காரர் லுவோவைப் பார்த்தேன். "போன புதுவருஷத்துக்கு உங்க பொண்ணு ரெண்டு ராத்திரி எங்ககிட்டதான் தங்கியிருந்துச்சு. நூடுல்ஸுக்கு வெந்நீர் கேட்டு வாங்கிட்டுப் போச்சு" என்றார். நீயோ புதுவருஷத்தின் இரண்டாம் நாள் காலையில் விருந்தாளிபோல் ஆரஞ்சுப் பெட்டியோடு வந்து, இப்போதுதான் பேருந்தை விட்டு இறங்கியதாகச் சொன்னாய். 'கட்டிக்கொடுத்த பெண்கள் வருகிற முறைப்படி இரண்டாம் நாள் வா' என்று தொலைபேசியில் சொன்னவன் நான்தான்.

வீட்டுக்கு வந்ததும், இந்த முறை வருஷக் கடைசி நாள் விருந்துக்கே உன்னைக் கூப்பிடப் போவதாகச் சொன்னேன். உன் அத்தை குதித்தாள்.

"கட்டிக்குடுத்தவ முப்பதாம் நாள் ராத்திரி பொறந்த வீட்டுல சாப்பிட்டா உன் மவனுக்கு ஆகாதுடா! கல்யாணத்தத் தீத்து விட்டுட்டா மட்டும் அவ கன்னிப்பொண்ணு ஆயிடுவாளா?"

நாட்காட்டியை ஆணியோடு பிடுங்கி அவள் மடியில் போட்டேன்.

"முப்பதாம் நாள் எங்க இருக்கு அக்கா? காட்டு."

பிறைக் கணக்கில் இந்தப் பன்னிரண்டாம் மாதம் இருபத்தொன்பதோடு முடிந்துவிடுகிறது. அத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்தாள். உன் தம்பிதான் முதலில் சிரித்தான்.

இருபத்தொன்பதாம் நாள் மதியமே வந்துவிடு. நேராக வீட்டுக்கு வா. ஆரஞ்சு வேண்டாம்.

பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டேன். இன்னும் நான்கு ஆண்டுகளுக்கு அந்த மாதத்தில் முப்பதாம் நாள் கிடையாது. அது திரும்பி வருகிற வருஷம், அந்தத் தாளை நானே கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

உன் அப்பா